பழைய இயந்திரமும் புதிய கூடும்

நம் இல்லங்களில் பழைய நகையை ‘அழித்துச் செய்வது’ என்றொரு வழக்கம் உண்டு. பாட்டி அணிந்த அட்டிகை பேத்திக்குப் பிடிக்கவில்லை. பத்தரிடம் கொடுத்தால் அதை உருக்கிப் புதிய சங்கிலியாகச் செய்து தருவார். சேதாரம் போகத் தங்கம் தங்கமாகவே திரும்பி வருகிறது. பாட்டியின் அட்டிகை மட்டும் இனி இல்லை. அந்த ஒரே சொற்றொடரில் அழித்தலும் இருக்கிறது, செய்தலும் இருக்கிறது. எது எவ்வளவு என்று நாம் நின்று கேட்பதில்லை. உருக்கிய பொன்னும் பொன்னே என்பதால் கேட்கத் தோன்றுவதுமில்லை.

ஆனால் உருக்கினால் வெறும் உலோகமாகிவிடும் பொருள்களும் உண்டு. நூறாண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தம் அறிவையும் உழைப்பையும் செலுத்தி ஆக்கி வைத்த பொருள் இன்று நம் கைக்கு வந்திருக்கிறது. அதை நம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டு? இக்கேள்வியை ஆராய, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம்: சட்டைப்பைக் கடிகாரம்.

அமெரிக்க நாட்டில் இன்று, பழைய சட்டைப்பைக் கடிகாரங்களின் உள்ளே ஓடும் இயந்திரத்தை எடுத்துப் புதிய கூட்டில் பொருத்தி, பட்டை கட்டி, கைக்கடிகாரமாக்கி விற்கும் தொழில் வளர்ந்திருக்கிறது. இதனை மீட்பு என்று போற்றுவோர் உண்டு. சிதைவு என்று வருந்துவோரும் உண்டு. இரு சாராரும் பழமையை நேசிப்பவர்களே. அதனால்தான் இவ்வழக்கு நம் சிந்தனைக்கு உரியதாகிறது.

ஒரு தொழிலின் கதை

1850-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பெற்று, 1854-இல் வால்தம் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்த கடிகார நிறுவனம் ஒரு புதுமையைச் செய்தது. அதற்குமுன் இங்கிலாந்திலும் சுவிட்சர்லாந்திலும் கைவினைஞர்கள் ஒவ்வொரு கடிகாரத்திற்கும் அதனதன் உறுப்புகளை அராவிப் பொருத்தினர். ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. வால்தம் ஆலையோ இயந்திரங்களைக் கொண்டே உறுப்புகளைச் செய்து, ஒன்றின் உறுப்பை அதே வகையைச் சேர்ந்த மற்றொன்றில் மாட்டும் நிலையை நோக்கி நடந்தது. 1864-இல் இல்லினாய் மாநிலத்தில் எல்ஜின் நிறுவனமும், 1892-இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் ஹாமில்டன் நிறுவனமும் தோன்றின. வால்தம் மட்டுமே தன் வாழ்நாளில் 3 கோடிக்கும் மேற்பட்ட கடிகாரங்களைச் செய்தது.

அவற்றுள் தலைசிறந்தவை இரயில்வேக்கென்று செய்யப்பட்டவை. 1891 ஏப்ரலில் ஒகையோ மாநிலத்தின் கிப்டன் என்னுமிடத்தில் இரு இரயில் வண்டிகள் நேருக்கு நேர் மோதிப் பலர் மாண்டனர். பணியாளர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று பின்னர் ஓடியதே காரணம் என்று அன்று முதல் சொல்லப்பட்டு வருகிறது. அவ்விபத்துக்குப் பின், கிளீவ்லாந்து நகரின் நகை வணிகரான வெப் பால் என்பவர் இரயில்வேக் கடிகாரங்களைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்றார். நாளடைவில் விதிகள் கடுமையாயின. மூடியில்லாத முகப்பு, தெளிவான எண்கள், குறைந்தது 17 கல், ஐந்து நிலைகளில் வைத்துச் சரிபார்த்த ஓட்டம், வாரத்திற்கு 30 நொடிக்கு மிகாத பிழை ஆகியவை வேண்டுமென்று வகுத்தனர். ஆக, இந்தக் கடிகாரங்கள் செல்வரின் அலங்காரமல்ல. பயணிகளின் உயிர் அவற்றின் ஐந்தில் ஒரு நொடித் துடிப்பை நம்பியிருந்தது.

இன்னொரு செய்தியையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்நாளைய அமெரிக்கக் கடிகார ஆலைகள் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டுமே செய்தன. கூடு செய்தவை வேறு நிறுவனங்கள். இரண்டும் குறித்த அளவுகளில் வந்தன. வாங்குபவர் கடைக்குச் சென்று, தம் பணத்திற்கேற்ற இயந்திரம் ஒன்றையும் கூடு ஒன்றையும் தேர்ந்துகொள்வார். கடைக்காரர் இரண்டையும் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். இயந்திரமும் கூடும் இணைந்தது ஆலையில் அன்று, கடையின் மேசையில்தான்.

பின்னர் முதல் உலகப்போர் வந்தது. பதுங்குகுழியில் இருக்கும் வீரன் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பையில் கைவிட்டு மணி பார்க்க முடியாது. எனவே சிறிய கடிகாரங்களின் கூட்டில் கம்பிக் காதுகளைப் பற்றவைத்து, தோல்வார் கோத்து, மணிக்கட்டில் கட்டினர். இந்த மாற்றுத்தொழில் இன்றைய நாகரிக விருப்பமாக மட்டும் பிறக்கவில்லை; தேவையிலிருந்தும் பிறந்தது. போர் முடிந்தபின் கைக்கடிகாரமே வழக்கமாயிற்று. சட்டைப்பைக் கடிகாரம் இழுப்பறைக்குள் ஒதுங்கியது. வால்தம் நிறுவனம் 1957-இல் மூடப்பட்டது. எல்ஜினும் ஹாமில்டனும் 1960-களின் இறுதியில் அமெரிக்க மண்ணில் கடிகாரம் செய்வதை நிறுத்தின.

அடுத்து வந்தது பொன்னாசை. 1980 ஜனவரியில் தங்கத்தின் விலை அவுன்சுக்கு 850 டாலரைத் தொட்டபோது, பொற்கூடுகள் உலைக்குச் சென்றன. உருக்கினவருக்கு இயந்திரத்தால் பயனில்லை; கழற்றி எறிந்தார் அல்லது ஒரு டப்பாவில் போட்டு வைத்தார். உள்ளியந்திரம் முழுமையாகவும் பழுதின்றியும் இருக்க, உடுக்கக் கூடில்லாத கடிகாரங்கள் இப்படித்தான் பெருகின. அவற்றை அனாதைகள் என்று சொன்னால் தவறில்லை.

அதே கடிகாரமா?

இவ்வாறு எஞ்சிய இயந்திரத்தைப் புதிய எஃகுக் கூட்டிலோ டைட்டானியக் கூட்டிலோ வைத்துக் கையில் கட்டினால், அது அந்தப் பழைய கடிகாரந்தானா?

இது பழைய கேள்வி. கிரேக்க வீரன் தேசெயுவின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நெடுங்காலம் போற்றி வைத்திருந்தனர்; பலகை உளுத்தபோதெல்லாம் புதுப்பலகை வைத்தனர்; அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டனர் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அக்கேள்வியை மேலும் கூர்மையாக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து மீண்டும் கப்பலாக்கினால் இரண்டில் எது தேசெயுவின் கப்பல் என்று கேட்டார். 

புனித தாமஸ் அக்குவினாஸ் இத்தகைய பொருள்களைப் பற்றி நிதானமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். உயிருள்ள ஒன்றின் வடிவம் அதன் உள்ளியல்பு. அதை இழந்தால் அது அதுவாக இராது. மனிதன் செய்த பொருளின் வடிவமோ ஏற்கெனவே உள்ள பொருளின்மேல் வந்து சேர்ந்தது. செம்பு சிலையானாலும் செம்பு செம்பே. ஆகவே, கூடு மாறியவுடன் கடிகாரம் ‘இறந்துவிட்டது’ என்று சொல்வது மிகை. அமெரிக்கக் கடிகாரமோ உறுப்பு மாற்றுவதற்கென்றே கருத்தளவில் பிறந்தது. இயந்திரமும் கூடும் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்து கடையில் கூடின. கூடு மாறிய கடிகாரத்தைச் சேகரிப்போர் ‘மணம்’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கின்றனர்; பாராட்டாக அல்ல, குறையாகவே. ஆனால் அவர்கள் போற்றும் முதல் இணைப்பும் ஒரு கடைக்காரர் நடத்திவைத்த மணமேயன்றோ?

இத்துடன் வழக்கு முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. செம்பு செம்பே என்பதனால் சிலையை உருக்குவது குற்றமற்றதாகிவிடாது. ‘அதுதானா இது?’ என்பது ஒரு கேள்வி. ‘இதைச் செய்யலாமா?’ என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை கண்டவுடன் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டது என்று எண்ணுவது, படித்தவர்களும் அடிக்கடி செய்யும் பிழை.

எது காப்பு, எது கேடு?

எதிர்ப்போர் கூறும் முதல் நியாயம் இது. சட்டைப்பைக் கடிகாரம் வாழ்ந்த வாழ்வே வேறு. பைக்குள் பெரும்பாலும் நிமிர்ந்த நிலையில், துணியின் மெத்தையில், அசைவு குறைந்து இருந்தது. மணிக்கட்டிலோ அது நாள் முழுதும் எல்லாப் பக்கமும் சுழல்கிறது, கதவில் இடிபடுகிறது, வியர்வையில் நனைகிறது. இன்கப்ளாக் போன்ற அதிர்ச்சித் தாங்கி 1930-களில்தான் வந்தது. அதற்கு முந்திய இயந்திரத்தில் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு, மயிரிழை போன்ற முனையில் காப்பின்றி நிற்கிறது. ஓர் இடியில் முறியலாம். பழைய எஃகு ஹேர்ஸ்பிரிங் இன்றைய கருவிகளிலுள்ள காந்தத்தின் அருகே சென்றால் காந்தமேறி ஓட்டம் பிறழும். இரயில்வேக் கடிகாரத்தின் குறுக்களவு 43 மில்லிமீட்டர். கூடும் சேர்ந்தால் கைக்குப் பெரிது. சாவி கொடுக்கும் குமிழும் மூன்று மணிக்கு நேராக இல்லாமல் பன்னிரண்டு மணிக்கு மேலே நிற்கும். அதனதன் இடத்தில் இருக்கவேண்டியதை இடம் பெயர்த்து ஏன் வதைக்க வேண்டும்?

ஆதரிப்போர் பதில் சொல்கின்றனர்: இழுப்பறை மட்டும் காப்பா? ஓடாத கடிகாரத்திலும் எண்ணெய் காய்ந்து பிசினாகிறது. ஈரம் புகுந்தால் எஃகு துருப்பிடிக்கிறது. பெட்டியில் கிடக்கும் கடிகாரத்தின் நிலை என்னவென்று எவருக்கும் தெரிவதில்லை. வீட்டிலுள்ளோர் மறந்தபின் அது பழைய இரும்புக் கடைக்கே போகும். கையில் கட்டியவரோ தினமும் சாவி கொடுப்பார். நேரம் பிசகினால் உடனே அறிவார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழுவி எண்ணெயிடச் செய்வார். பழைய இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் கைத்திறனும் அந்த வேலை இருந்தால்தான் பிழைத்திருக்கும்.

இரு நியாயங்களுக்கும் இடையே எவ்வாறு தீர்ப்பளிப்பது? பழைய உரோமைச் சட்டம் இதற்கு ஒரு வழிகாட்டுகிறது. ஒருவருடைய பொருளைக்கொண்டு மற்றொருவர் புதிய பண்டம் செய்துவிட்டால் அது யாருக்குச் சொந்தம் என்பதில் உரோமைச் சட்ட அறிஞர்கள் இரு பள்ளிகளாகப் பிரிந்தனர். மூலப்பொருளின் உடைமையாளருக்கே என்றனர் ஒரு சாரார். செய்தவருக்கே என்றனர் மறு சாரார். பேரரசர் யுஸ்தினியானின் சட்டம் நடுவழியைத் தேர்ந்தது. செய்த பண்டத்தை மீண்டும் பழைய பொருளாக்க முடியுமானால் அது மூலப்பொருளுக்குரியவருடையது, முடியாதெனில் செய்தவருடையது. வெள்ளிக் கிண்ணத்தை உருக்கி வெள்ளியாக்கலாம். திராட்சை இரசத்தை மீண்டும் பழமாக்க முடியாது. 

அச்சட்டம் உடைமையைப் பற்றியது என்றாலும், ‘மீளமுடியுமா?’ என்னும் அதன் கேள்வி அறநெறிக்கும் உதவுகிறது. இத்தாலிய அறிஞர் செசாரே பிராந்தி 1963-இல் வெளியிட்ட கலைப்பொருள் சீரமைப்புக் கோட்பாட்டில் இதனையொத்த நெறிகளைக் காணலாம். சீரமைத்த பகுதியை அருகே நின்று பார்ப்பவர் இனங்காணக்கூடியதாக இருக்க வேண்டும். பிற்காலத்தார் செய்ய விரும்பும் சீரமைப்புக்கு அது தடையாகவும் இருக்கலாகாது.

இவ்வளவுகோலைக் கையிலெடுத்தால் இருள் சற்று விலகுகிறது. கூடிழந்த இயந்திரத்தைக் கழுவி, பழுது நீக்கி, அதன் அளவுக்கேற்பப் புதிய கூட்டைச் செய்து அதனுள் அமர்த்துவது ஒரு செயல். நாளை பழைய கூடு ஒன்று கிடைத்தால் திருகுகளைக் கழற்றி இயந்திரத்தை அதில் வைத்துவிடலாம், எதுவும் போய்விடவில்லை. புதிய கூட்டுக்கேற்ப இயந்திரத்தின் தகட்டை அறுப்பதும், எனாமல் முகப்பின் ஓரத்தைத் தேய்ப்பதும், வேடிக்கைக்காகத் தகடுகளைக் குடைந்து சல்லடையாக்குவதும் வேறு செயல்கள். முன்னதில் கூடு இயந்திரத்திற்குப் பணிகிறது. பின்னதில் இயந்திரம் கூட்டிற்காகப் பலியாகிறது. பன்னிரண்டு மணிக்கு மேலே குமிழ் நிற்பது விந்தையாகத் தோன்றினாலும் அதை அப்படியே விட்டுவிடும் கைவினைஞர் உண்டு. ‘நான் பையில் இருக்கப் பிறந்தவன்’ என்று அந்தக் கடிகாரம் சொல்ல அவர் இடமளிக்கிறார். அது குறையன்று, நேர்மை.

உண்மை சொல்லும் கடமை

நேர்மை என்னும் சொல் நம்மை அடுத்த படிக்கு அழைத்துச் செல்கிறது. கொலராடோ மாநிலத்தின் போர்ட் காலின்ஸ் நகரிலுள்ள வார்டிக் என்னும் சிறு நிறுவனம், பழைய அமெரிக்க இயந்திரங்களைக் கைக்கடிகாரமாக்கி வருகிறது. அது ‘லங்காஸ்டர்’ என்று பெயரிட்ட ஒரு கடிகாரத்தில் பழைய ஹாமில்டன் இயந்திரம் இருந்தது. அதன்மேல் பொறித்த ஹாமில்டன் பெயரும் தெரிந்தது. ஹாமில்டன் பெயருக்கு இன்று உரிமை பூண்டிருப்பது சுவிட்சர்லாந்தின் ஸ்வாட்ச் குழுமம். தன் பெயரை இவ்வாறு பயன்படுத்தக் கூடாது என்று 2017-இல் அது வழக்குத் தொடுத்தது. 2020-இல் நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றமும், 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சிறு நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன. 

தீர்ப்பின் உயிர்நாடி எது? பழைய இயந்திரம், புதிய கூடு, மாற்றியவர் இன்னார் என்பதை அந்நிறுவனம் விளம்பரத்திலும் கடிகாரத்தின்மீதும் மறைக்காமல் சொல்லியிருந்தது. வாங்குபவர் மயங்க இடமில்லை. 1947-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பழுதுபார்த்து விற்கப்பட்ட மோட்டார் உதிரிப்பொருள்கள் பற்றிய வழக்கில் வகுத்த நெறியும் இதுவே. பழைய பெயர் இருக்கலாம். ஆனால் பழுதுபார்த்தது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும்.

புனித தாமஸ் இதை அவர்களுக்கெல்லாம் முன்னரே வணிகர்க்குச் சொல்லியிருக்கிறார். தாம் விற்கும் பொருளில் வெளிப்படையாகத் தெரியாத குறை இருந்து, அதனால் வாங்குபவருக்கு இழப்போ இடரோ நேருமாயின், அதைச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவர் என்பது அவரது முடிவு. மாற்றிய கடிகாரத்தை விற்பவர் ‘இது நூறாண்டுப் பழமை’ என்று பெருமையாகச் சொல்கிறார். ‘இது இடி தாங்காது, நீர் தாங்காது, கூடு புதியது’ என்பதையும் அதே குரலில் சொல்கிறாரா? முகப்பை மீண்டும் எழுதி, அதில் இல்லாத பெரும்பெயரைப் பொறித்து விற்போரும் சந்தையில் உண்டு. அது கடிகாரம் மாற்றுவதன்று, மனிதரை ஏமாற்றுவது. பொருளுக்குச் செய்யும் அநீதி அங்கே ஆளுக்குச் செய்யும் அநீதியாகிவிடுகிறது.

அனாதையும் அனாதையாக்கலும்

இனி, எல்லாவற்றிலும் கடினமான இடத்திற்கு வருகிறோம். கூடிழந்த இயந்திரத்திற்குக் கூடளிப்பது நன்று என்று கண்டோம். மீளத்தக்கதாகவும் உண்மை மறைக்காததாகவும் அது இருக்கவேண்டும் என்றும் கண்டோம். ஆனால் அந்தக் கைக்கடிகாரம் நல்ல விலைக்குப் போகிறது என்று தெரிந்தபின் என்ன நடக்கும்? டப்பாவில் கிடக்கும் அனாதை இயந்திரங்கள் வரம்பற்றவை அல்ல. அவை தீர்ந்தால், கூட்டோடு முழுமையாக இருக்கும் கடிகாரத்தையும் பிரிக்கத் துணிவு வரும். 1980-இல் பொன்னுக்காக இயந்திரத்தை எறிந்தனர். இன்று இயந்திரத்திற்காகக் கூட்டை எறிந்தால் இரண்டிற்கும் என்ன வேறுபாடு?

கூடு வெறும் உறையன்று. அதன் உட்புறத்தில் பணி ஓய்வு பெற்ற நாளில் உடன் உழைத்தவர்கள் பொறித்துக் கொடுத்த பெயர் இருக்கலாம். தந்தை மகனுக்கு எழுதிய இரண்டெழுத்து இருக்கலாம். பழுதுபார்த்தவர்கள் ஊசிமுனையால் கீறிவைத்த சிறு குறிகள் இருக்கலாம். ஆயிரம் முறை கட்டைவிரல் தடவியதால் அழிந்த பூவேலையும் ஒரு வரலாறுதான். கடையில் நடந்த இணைப்புத்தான் என்றாலும், ஒரு மனிதரின் வாழ்நாள் முழுதும் உடன் சென்றபின் அந்த இணைப்பு தற்செயலானதாக இல்லை. 

பழைய ஆடைக்கு ஒட்டுப்போடும் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மாற்கும் மத்தேயுவும் புதிய துணித்துண்டால் பழைய ஆடை கிழிவதைச் சொல்கின்றனர். லூக்கா மட்டும் மற்றொரு செய்தியைச் சேர்க்கிறார்: அந்தத் துண்டே ஒரு புதிய ஆடையிலிருந்து கிழித்து எடுக்கப்பட்டது. ஒன்றைச் சீராக்குவதற்காக முழுமையாயிருந்த மற்றொன்று கிழிகிறது; முடிவில் இரண்டும் பாழ். அவ்வுவமையின் நோக்கம் வேறாயினும், கடிகாரம் மாற்றுவோர் அந்தக் கிழிபட்ட ஆடையை மறக்கலாகாது.

ஆகவே இக்கட்டுரையின் முடிவை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: அனாதையைத் தத்தெடுக்கலாம், தத்தெடுப்பதற்காக எவரையும் அனாதையாக்கலாகாது. 

இந்நெறி கடைக்காரருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் உரியது. ‘இந்த இயந்திரத்தின் கூடு எங்கே?’ என்று கேட்பது அவர் கடமை. கேட்பாரில்லாத இடத்தில்தான் முழுமையானவை பிரிக்கப்படுகின்றன. குடும்பச் சொத்தாகக் கடிகாரத்தைப் பெற்றவருக்கும் இது பொருந்தும். அவர் அதைக் கையில் கட்ட விரும்புவது பாவமில்லை; மறந்துபோவதைவிட அது மேலானது. ஆயின், அவர் கழற்றிவைக்கும் கூட்டையும் பழைய உறுப்புகளையும், என்ன செய்யப்பட்டது என்னும் குறிப்போடு பத்திரப்படுத்த வேண்டும். அவருடைய பேரன், தாத்தா செய்ததை மாற்றிவைக்க விரும்பலாம். அந்த வாய்ப்பை அவனிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை. நமக்கு முன்னிருந்தவரின் உழைப்பையும், நமக்குப் பின் வருபவரின் விருப்பத்தையும் ஒருசேர மதிப்பவரே ஒரு பழைய பொருளுக்கு உண்மையான உடைமையாளர்.

சாவி கொடுக்கும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சற்று மேலேதான் ஓடும். மறுநாளும் யாரேனும் அதைக் கையிலெடுத்துத் திருக வேண்டும். முன்னோர் விட்டுச்சென்ற எதுவும், ஒருமுறை பூட்டிவைத்தோம் என்பதனால் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. நாம் திருகும்போது சுருள்வில் அறுந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.